அப்பா ஒப்புக்கொண்ட சிகரெட்

போன மாதம் தெருவாரியாகக் கூடிச் செபிக்கிற நம் அன்பியக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒருத்தி தன் பேரனைப் பற்றிச் சொன்னாள். காலேஜில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, சட்டையில் சிகரெட் வாடை. "அவங்க தாத்தா ரத்தம், வேற எங்க போவும்" என்று அவளே சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். உடம்பெல்லாம் கல்லு மாதிரிதான் இருக்கிறது. ரத்தம் என்கிற அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று அறுபது தாண்டியவர்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. வில்லியனூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர். அப்பாவுக்குப் பாண்டியில் மில் வேலை, தினம் சைக்கிளில் போய்வருவார். அவர் மேல் எப்போதும் பஞ்சும் மெஷின் எண்ணெயும் சிகரெட்டும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும். காலையில் கண் விழித்ததும் தலையணைக்கடியில் கைவிட்டு ஒன்றை எடுப்பார். அதை முடித்த பிறகுதான் மனிதனாவார். வலதுகை விரல் இரண்டு மஞ்சள் தேய்த்த மாதிரி இருக்கும். அதை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துப் பார்த்து அம்மா ஓய்ந்துவிட்டாள்.

ஆனால் தபசு காலம் வந்தால் அவர் தொடமாட்டார். விபூதிப் புதன் காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், மிச்சமிருக்கும் சிகரெட்டோடு பாக்கெட்டைத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பலகையில் வைத்துவிடுவார். நாற்பது நாள் கழித்து பாஸ்கா, அதாவது ஈஸ்டர் அன்றைக்குத்தான் திரும்ப எடுப்பார். மற்ற வீடுகளில் புகைக்கிறவர்கள் ஒளித்துவைப்பார்கள், யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது.

"கண்ணெதிர்ல இருக்கணும். இருந்தும் தொடக்கூடாது. அதாம்பா ஒறுத்தல்" என்பார்.

"ஆண்டவருக்கு எதிர்ல நல்ல படையல்தான் வச்சீங்க" என்பாள் அம்மா.

எங்கள் வீட்டில் தபசு காலம் என்றால் அறை விழும் காலம். கறி மீன் இல்லாதது ஒன்றும் பெரிதில்லை. அப்பாவின் கைதான் பெரிது. முதல் வாரம் கை நடுங்கும். சட்டைப்பையில் பொட்டுக்கடலை போட்டுக்கொண்டு கொறித்துக்கொண்டே இருப்பார். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டு பறக்கும். பக்கத்து வீட்டு ஆடு கத்தினால் ஆட்டோடு சண்டைக்குப் போவார். அம்மா எங்களிடம் சைகையிலேயே பேசுவாள். மூச்சைக்கூட மெல்ல விடவேண்டும் போல இருக்கும். பாஸ்கா பூசை முடிந்து வந்து முதல் சிகரெட்டைப் பற்றவைப்பார் பாருங்கள், அப்போது கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வாசலில் நிற்பேன். எனக்கு அதுதான் பாஸ்கா.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் எங்கள் வீட்டில் வளரவில்லை. அவனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே நான் வயிற்றில் வந்துவிட்டேன். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி கட்டிப் படுக்கையில் விழுந்தாள். அம்மாவின் அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்குப் பிள்ளையில்லை. தூக்கிக்கொண்டு போனாள், போனதுதான். பெரியப்பா உபதேசியார். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு கிளைக் கிராமத்தில், அபிஷேகப்பாக்கத்துக்குப் போகிற வழியில், வயல் நடுவே சின்னக் கோயில். அதையும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஞானோபதேசத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர். பிள்ளையை வாங்கும்போதே அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினார்: பையன் எதிரில் புகைக்கவும் கூடாது, அந்த வாடையோடு வரவும் கூடாது.

அப்பா அதை மீறவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போவார். வழியில் கொய்யா இலையைப் பறித்து மென்று துப்பி, வாய்க்காலில் கைகால் முகம் கழுவிக்கொண்டுதான் அந்த ஊருக்குள் நுழைவார். சொந்த மகன் அவரைச் "சித்தப்பா" என்று கூப்பிடுவான். அவர் "இன்னாப்பா" என்பார். இருவருக்கும் அதற்குமேல் பேச்சு வராது.

அந்த வருஷம் பெரியம்மாவுக்குப் பாண்டியில் ஆபரேஷன். பெரியப்பா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். அண்ணன் மூன்று வாரம் எங்கள் வீட்டில். அவனுக்கு அப்போது பதின்மூன்று முடிந்திருந்தது. முழுப்பரீட்சை முடிந்ததும் அவனைச் சாமியார் படிப்புக்குச் செமினரிக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. சாமியாராகப் போகிற பையன் என்று அம்மா தன் மகனுக்கே நாற்காலி போட்டாள். நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, அது தபசு காலம். அப்பா சிகரெட்டைத் தொடவில்லை. ஆக அந்தப் பையன் விவரம் தெரிந்த நாளிலிருந்து தன் தகப்பன் புகைத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் மேல் அப்பா கையே வைக்கவில்லை. அவனுக்கு விழவேண்டியதும் சேர்த்து எனக்கு விழுந்தது. ஒரு நாள் விளக்குக் கண்ணாடியைத் துடைக்கும்போது கை தவறிவிட்டது. அப்பா விட்ட அறையில் காதுக்குள் வண்டு பறந்தது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு. நாற்பது நாள் ஒரு மனிதனைப் பேயாக ஆக்குகிற அந்தச் சனியனில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுகிறேன் என்று, மறுநாள் மதியம் யாரும் இல்லாதபோது ஆண்டவர் படத்தின் கீழே கையை விட்டேன். பாக்கெட்டில் ஏழு இருந்தது. ஒன்றை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டு அண்ணனையும் இழுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.

"வேணாம்டி. பாவம்" என்றான்.

"நீ இழுக்க வேணாம். நான் இழுக்கறன். யாராவது வராங்களான்னு பாரு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பற்றவைத்து இழுத்தேன். தொண்டையில் மிளகாய்ப்பொடி கொட்டிய மாதிரி இருந்தது. இருமி, கண்ணில் மூக்கில் தண்ணீர் வழிந்து, தொட்டியோரமே குனிந்து காலையில் குடித்த கஞ்சி வரைக்கும் வாந்தி எடுத்தேன். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவன் என் கையிலிருந்து விழுந்ததை எடுத்தான். அணைக்கத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். வாயில் வைத்தான்.

அவன் இருமவில்லை. ஒரு இழுப்பு, நிறுத்தினான், மூக்கு வழியாக மெல்ல விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். அந்த முகத்தை நான் வருஷம் ஒரு தடவை எங்கள் வாசலில் பார்த்திருக்கிறேன். 

"எப்படிடா இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குது" என்றான். கடைசிவரை இழுத்துவிட்டு, "இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அன்று சாயங்காலம் செபமாலைக்கு எல்லோரும் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். அப்பா பாக்கெட்டைப் பார்த்தார். ஏழு ஆறாகியிருப்பது தெரிந்துவிட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். அறை விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். திருடியது, புகைத்தது, அவனுக்குக் கொடுத்தது, அவன் நல்லா இருக்குது என்றது.  பலகைக்கு அந்தப்பக்கமிருந்து, "இனிமே செய்யாத. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு எழுந்தேன். ஆண்டவருக்குச் சொல்லியாயிற்று, சாமியாருக்கும் தெரியும், மன்னிப்பும் கிடைத்துவிட்டது, இனி அந்தப் பாவம் என்னுடையது இல்லை என்று வீட்டுக்கு ஓடினேன். வேறு எந்த மதத்துப் பிள்ளையும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்காது. நாம்தான் செய்வோம்.

பெரியம்மா தேறி வீட்டுக்கு வந்தாள், அண்ணன் திரும்பிப் போனான். பத்து நாள்கூட ஆகவில்லை. கோயிலுக்குப் பின்னால் பீடியோடு பெரியப்பா கையிலேயே மாட்டிக்கொண்டான். பிரம்பு முறிந்ததாம். எவன் கற்றுக்கொடுத்தான் என்றால் வாயே திறக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியார் வீட்டுக்கு அப்பா வரவேண்டும், என்னையும் கூட்டிவரவேண்டும் என்று பெரியப்பா ஆள் சொல்லி அனுப்பினார். பையனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது என்றும் வந்த ஆள் சொன்னான்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். "அவரு வேணாம்னா வேணாமே. நம்ம புள்ளய நம்மகிட்ட குடுத்துடட்டும். பதிமூணு வருஷம் வளத்தது போதும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க, சும்மா நில்லுங்க. அவரே குடுத்துடுவாரு."

அப்பா வாசலுக்குப் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

சாமியார் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. மேஜையில் செமினரிக்கு எழுதவேண்டிய காகிதம் கிடந்தது. சாமியார் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சுவரோரம் நின்றாள். ஆபரேஷன் ஆன உடம்பு, நிற்க முடியவில்லை. ஆனாலும் உட்காரவில்லை. அண்ணன் அவள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். பதின்மூன்று வயசுப் பையன், கால்சட்டைக்குக் கீழே பிரம்புத் தழும்பு.

பெரியப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாமி, என் வூட்ல இந்த நாத்தம் கிடையாது. எங்க ஊர்ல இவன் சேருற பசங்க யாருக்கும் கிடையாது. அப்ப ரெண்டுதான் இருக்குது. அந்த வூட்டுக்குப் போன எடத்துல யாரோ பழக்கி வுட்டிருக்கணும். இல்லன்னா இது ரத்தம். பழக்கினதுன்னா புள்ள மேல குத்தம் இல்ல, திருத்திக்கலாம். ரத்தம்னா நான் இன்னா பண்ண முடியும்? சாமியாரு ஆவறதுக்கு நான் எழுதித் தரமாட்டன். பெத்தவங்க கையிலயே குடுத்துடறன்."

பெரியம்மா, "அய்யோ, இன்னா பேசறீங்க" என்றாள். அண்ணன் முந்தானையை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடி. அங்க இன்னா நடந்துச்சி? யார் குடுத்தது?"

நான் சாமியாரைப் பார்த்தேன். அவருக்குத்தான் தெரியுமே. அவர் சொல்லிவிடுவார் என்று நின்றேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே விடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆனாலும் தலையையாவது அசைக்கலாமே என்று எனக்கு. அவர் மேஜை மேல் கண்ணை நட்டிருந்தார். கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. நான் அவர் பேசுவதற்குக் காத்திருக்கிறேன், அவர் நான் பேசுவதற்குக் காத்திருக்கிறார். இது எனக்கு இப்போது புரிகிறது. 

"கேக்கறன் இல்ல? சொல்லுடி" என்றார் பெரியப்பா.

 திருடினேன் என்று அப்பா எதிரில் எப்படிச் சொல்வது?

"அவள வுடுங்க" என்றார் அப்பா. "நான்தான் குடுத்தன்."

பெரியப்பா மெல்லத் திரும்பினார். "நீங்களா?"

"ஆமா."

"எனக்கு வாக்கு குடுத்திருக்கீங்க."

"குடுத்தன். மீறிட்டன்."

"தபசு காலத்துல தொடமாட்டன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு, ஆண்டவர் படத்துக்குக் கீழ வச்சிக்கினு, அதுலேர்ந்து எடுத்தா குடுத்தீங்க?"

அப்பா ஒரு நொடி தாமதித்தார். அந்த நாற்பது நாள்தான் அந்த மனிதனுக்கு இருந்த ஒரே பெருமை. "ஆமா. அதுலேர்ந்துதான். எனக்கு இருப்புக்கொள்ளல. பத்தவச்சன். பையன் பாத்துக்கினு நின்னான், நீயும் இழுறான்னன். அவன் மேல தப்பு இல்ல. ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பழக்கினதுதான்."

அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா அவனைப் பார்த்தார். அவ்வளவுதான். அவன் மூடிக்கொண்டான்.

"உபதேசியாரே, இத்தோட விட்டுடுங்க" என்றார் சாமியார். 

"விட்டுடறன் சாமி. காயிதத்துல எழுதுங்க. ஆனா இவரு இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. பையனப் பாக்கவும் கூடாது, பேசவும் கூடாது."

"சரி" என்றார் அப்பா.

நாங்கள் கிளம்பும்போது சாமியார் எழுந்து வந்தார். அப்பாவின் தலையில் கை வைத்து, வெகுநேரம் எடுக்கவேயில்லை. குற்றவாளிக்கு ஆசீர்வாதம் எதற்கு என்று பெரியப்பாவுக்கு விளங்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணன் செமினரிக்குப் போனான், நான்கு வருஷத்தில் அழைத்தல் இல்லை என்று திரும்பினான், வாத்தியார் வேலைக்குப் போனான். சிகரெட்டை மட்டும் விடவில்லை. வந்த மகனை விட்டுவிட்டு வந்தாரே என்று அம்மா இரண்டு வருஷம் அப்பாவோடு பேசவில்லை. நான்தான் திருடி என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், அவரோடு பேசியிருப்பாள். அந்த இரண்டு வருஷமும் என் கணக்கில்தான்.

பெரியப்பா உயிரோடு இருந்த ஒன்பது வருஷமும் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். இருவரும் வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஊதுவார்கள், பேசமாட்டார்கள். இரண்டே வருஷம். அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். "ஒரு தடவகூட அப்பான்னு கூப்பிட வாய் வரலடி" என்று அண்ணன் கல்லறையில் என் தோளில் சாய்ந்து அழுதான்.

அவனுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்னப்பெண் டாக்டர். வளர்ந்த வீட்டில் யாராவது புகைத்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றான். பெற்ற தகப்பன்? ஆமாம் என்றான். அவள் சொன்னாள்: "சிலருக்கு முதல் இழுப்பே ஒத்துக்காது. சிலருக்கு உடம்பு உடனே ஏத்துக்கும், அப்புறம் விடறது ரொம்பக் கஷ்டம். அதுல பரம்பரைக்கும் ஒரு பங்கு இருக்கு. ஆனா பங்குதான். கையில கிடைக்கிறது, கூட இருக்கிறவங்க, பழகறது எல்லாம் சேர்ந்துதான்." கையில் கிடைக்கச் செய்தவள் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். சொல்லப் பிடிக்காமல்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. கரும்புத் தோட்டம் தாண்டினோம். எனக்கு எப்போது விழும் என்று முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"நீதானே எடுத்த?" என்றார்.

"ஆமாம்பா."

"நீ குடிச்சியா?"

"ஒரு இழுப்பு. வாந்தி எடுத்தன்பா."

"நல்லது." பெடலை நான்கு தடவை மிதித்தார். "அவன்? அவனும் வாந்தி எடுத்தானா?"

இதுவரைக்கும் பயந்து பயந்து வாய் பூட்டிக்கிடந்தவள், அப்பா கோபிக்கவில்லை என்றதும் எல்லாவற்றையும் கொட்டினேன். "இல்லப்பா. அவனுக்கு ஒண்ணும் ஆவல. இருமக்கூட இல்ல. கண்ண மூடிக்கினான், மூக்கு வழியா வுட்டான், பாஸ்கா அன்னிக்கு நீ வுடுவ இல்ல, அதே மாதிரி. நல்லா இருக்குதுன்னான். இன்னொண்ணு இருக்குதான்னு கேட்டான்பா."

சைக்கிள் நின்றது. அப்பா காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு இறங்கி, சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. மில்லில் விரல் நசுங்கியபோதுகூட அழாத மனிதர். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப உபதேசியாரு சொன்னது சரிதான்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நான் அவன் எதிர்ல ஒரு நாள் பத்தவச்சதில்ல. வாய் கழுவிக்கினுதான் போனன். அப்படியும் போய்ச் சேந்திருக்குது."

 "நானும் உன் பொண்ணுதானேப்பா, எனக்கு வாந்திதானே வந்துச்சி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் தலையைத் தூக்கவில்லை. வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அவனும் இருமினான், வாந்தி எடுத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகனையும் இழந்து, நாற்பது நாள் பெருமையையும் இழந்து வருகிற மனிதன், ரத்தம் இல்லை என்று தான் சொன்னதையாவது நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பிள்ளைக்காகப் பொய் சொல்வது எப்படி என்று அரைமணி நேரத்துக்கு முன்தான் என் கண்ணெதிரில் காட்டியிருந்தார். உண்மை பேசவேண்டிய இடத்தில் வாயைத் திறக்காத நான், அந்த மதகுக்குப் பக்கத்தில் வந்துதான் உண்மை பேசினேன்.